உள்ளே குடியேறிய கங்காணி

என் அப்பாயி ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். விடியும் முன்பே தப்பு மேளச் சத்தம் கேட்கும், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்துக்குப் பிந்திப் போனால் அன்றைக்குப் பேர் விழாது, கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர்தான் என்று கதை கதையாகச் சொல்வார். தோட்டத்தில் 'பேர்' என்பது ஒரு நாள் வேலைக்கான பதிவு. அரைப்பேர் விழுந்தால் பாதிச் சம்பளம். மலையில் கங்காணி பின்னாலேயே நிற்பார். கை ஓய்ந்தால் ஏச்சு விழும்.

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். கொம்பனித்தெருவில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை. குளிரூட்டிய அறை, நல்ல நாற்காலி. எனக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை, மனேஜர் என்னை ஒருநாளும் ஏசியதில்லை. இருந்தும் 2024ஆம் ஆண்டில் ஒரு திங்கட்கிழமைக் காலை, காலி வீதி பஸ் ஹோல்டில் உட்கார்ந்திருந்த என்னால் எழும்ப முடியவில்லை. 100ஆம் இலக்க பஸ் வந்தது, போனது. 101 வந்தது, போனது. மறுபடியும் 100. காய்ச்சல் இல்லை, எங்கேயும் வலி இல்லை, கால்கள் மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. முந்தின இரவு ஒன்றரை மணி வரை வேலை செய்திருந்தேன். அந்த வேலையைச் செய் என்று என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. அதுதான் அன்று எனக்கு விளங்கவேயில்லை. அடிக்க ஆளே இல்லாத இடத்தில் இந்த அடி எங்கிருந்து விழுந்தது?

சமூகத்தைப் பற்றிச் சிந்திப்பவர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: தற்சுரண்டல். அப்புறம் தேடிப் படித்து நான் விளங்கிக்கொண்டதை, என்னைப் போல முதல் தடவை கேள்விப்படுகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

சுரண்டல் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. புறக்கோட்டையில் மூட்டை தூக்கும் நாட்டாமை ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் ஒரு நாளில் இறக்கும் மூட்டைகளால் கடைக்குக் கிடைக்கும் வருமானம் ஒரு தொகை, அவர் கைக்கு வரும் கூலி இன்னொரு தொகை. இடையில் இருக்கும் வித்தியாசமும் அவருடைய முதுகு உழைத்ததுதான், ஆனால் அது அவரிடம் வருவதில்லை. 19ஆம் நூற்றாண்டில் கார்ல் மார்க்ஸ் பக்கம் பக்கமாக விளக்கியதை மிகவும் சுருக்கினால் இவ்வளவுதான். இதில் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள். யார் யாரைச் சுரண்டுகிறார் என்று விரல் நீட்டிக் காட்டலாம்.

தற்சுரண்டலில் வேலை வாங்குகிறவரும் வேலை செய்து களைக்கிறவரும் ஒரே உடம்புக்குள் இருக்கிறார்கள். 'இன்னும் கொஞ்சம் செய்' என்று சொல்வதும் நான், 'ஏலாது' என்று முனகுவதும் நான். முதல் நானுக்கு எப்போதும் குரல் பெரிது.

கண்காணியின் கண்

இது எப்படி வந்தது என்று பார்க்க, கங்காணி என்ற சொல்லிலேயே ஆரம்பிக்கலாம். கண்காணி என்பதுதான் கங்காணி ஆனது. கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பவர். தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைச் சேர்த்து வந்ததும், முன்பணக் கடனில் கட்டி வைத்ததும், மலையில் வேலை வாங்கியதும் கங்காணிமார்தான். கடனோடு தொழிலாளியைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிய 'துண்டு' முறை 1921இல்தான் ஒழிந்தது.

இங்கிலாந்தில் ஜெரமி பெந்தம் என்பவர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு சிறைச்சாலைக்குத் திட்டம் போட்டார். வட்டமான கட்டடம், நடுவில் ஒரு கோபுரம். கோபுரத்துக் காவலாளிக்கு எல்லா அறைகளும் தெரியும், கைதிக்குக் கோபுரத்துக்குள் ஆள் இருக்கிறாரா என்பதே தெரியாது. அதனால் பார்க்கப்படுகிறோம் என்று நினைத்துக் கைதி எந்நேரமும் ஒழுங்காக இருப்பான். பிரான்சின் மிஷேல் ஃபூக்கோ 1975இல் இந்தக் கோபுரத்தை எடுத்து விரிவாகப் பேசினார். பள்ளிக்கூடம், ஆலை, இராணுவ முகாம், மருத்துவமனை எல்லாம் இதே விதமாகத்தான் மனிதரைப் பழக்கின என்றார். மணி அடித்தால் எழும்பு, வரிசையில் நில், நேரத்துக்கு வா. பார்க்கும் கண் இருக்கிறதோ இல்லையோ, பார்க்கப்படுகிறவர் தன்னைத் தானே கண்காணிக்கத் தொடங்கிவிடுகிறார். கங்காணி வாசற்படியில் கால் வைத்தது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

அவர் முழுதாக உள்ளே வந்த கதையைச் சொன்னவர் பியூங்-சுல் ஹான். 1959இல் சியோலில் பிறந்தவர், கொரியாவில் உலோகவியல் படித்தவர், பிறகு ஜெர்மனிக்குப் போய்த் தத்துவம் படித்து அங்கேயே தங்கிவிட்டார். 2010இல் ஜெர்மன் மொழியில் அவர் எழுதிய மிகச் சிறிய நூல் ஒன்று பல மொழிகளுக்குப் போனது. ஃபூக்கோ சொன்ன அந்தச் சமூகம் பழையதாகிவிட்டது என்பதுதான் அவருடைய வாதம். அந்தச் சமூகத்தின் வினைச்சொல் 'கூடாது'. பிந்தக் கூடாது, பேசக் கூடாது, எதிர்க்கக் கூடாது. இன்றைய சமூகத்தின் வினைச்சொல் 'முடியும்'. உன்னால் முடியும், நினைத்தால் எதுவும் முடியும், இன்னும் மேலே போக முடியும். ஹான் இதைச் சாதனைச் சமூகம் என்கிறார்.

'கூடாது' என்பதற்கு ஓர் எல்லை உண்டு. கங்காணி கண் மறைந்தால் அப்பாயி கூடையை இறக்கி வைத்து வெற்றிலை போடுவார். மலையில் கங்காணியைக் கிண்டல் செய்து பாட்டே கட்டினார்கள். 'முடியும்' என்பதற்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. எவ்வளவு செய்தாலும் அதற்கு மேல் ஒன்று முடியும். செய்யாமல் விட்டால் தண்டிக்க வெளியில் ஆள் தேவையில்லை, குற்ற உணர்ச்சி அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

என் அலுவலகம் இருக்கும் கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயரின் அர்த்தம் அடிமைத் தீவு. ஒல்லாந்தர் தங்கள் அடிமைகளை இரவில் அடைத்து வைத்தது அங்கேதான். சுற்றிலும் நீர். தப்பி ஓடாமல் இருக்க அந்த நீரில் முதலைகளை விட்டிருந்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. இப்போது அந்தப் பக்கம் முழுவதும் உயரமான கட்டடங்கள். எங்கள் கதவு அட்டையைக் காட்டினால் எந்த நேரமும் திறக்கும், வெளியே போகிறவரை யாரும் நிறுத்துவதில்லை. ஆனாலும் இரவு பத்து மணிக்கு மேலே பார்த்தால் மாடிக்கு மாடி லைட் எரிகிறது. அடிமையோடு நம்மை ஒப்பிட எனக்கு மனம் வராது, அவர்கள் பட்ட பாடு வேறு. கதவு திறந்திருந்தும் நாம் ஏன் எழும்பிப் போகவில்லை என்பதை மட்டும் கேட்டுப் பார்க்கிறேன்.

நீயே ஒரு கம்பனி

எழும்பிப் போகாததற்கு ஒரு காரணம், நம்மை நாமே பார்க்கும் விதம் மாறிவிட்டது. அமெரிக்கப் பொருளியலாளர் கேரி பெக்கர் 1964இல் 'மனித மூலதனம்' என்ற கருத்தை விரிவாக எழுதினார். படிப்பு, பயிற்சி, உடல்நலம் எல்லாம் ஒருவர் தன்மேல் போடும் முதலீடு என்று இந்தக் கருத்துச் சொல்கிறது. முதலில் இது கணக்குப் போட ஒரு வழி, அவ்வளவுதான். ஆனால் தன்னை மூலதனமாகப் பார்க்கப் பழகியவர் தன்னையே ஒரு கம்பனியாக நடத்தத் தொடங்குகிறார். கம்பனி தூங்கினால் நட்டம்.

கொழும்பில் இதைக் காண எங்கேயும் போகத் தேவையில்லை. அலுவலகம் முடிந்து ஐந்தரைக்கு ஓடிப்போய்க் கணக்கியல் வகுப்பில் உட்காரும் பிள்ளைகள் எத்தனை பேர்! ஒரு பரீட்சை முடிந்தால் அடுத்தது, அது முடிந்தால் ஒரு எம்.பி.ஏ., நடுவில் ஒரு மொழி வகுப்பு. படிப்பு நல்லதுதான். நானும் அப்படித்தான் மேலே வந்தேன், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் பெண் 5ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் தன் பிள்ளையிடம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், "சும்மா இருக்காத, நேரம் போகுது" என்று சொன்னதைக் கேட்டபோது நெஞ்சு திக்கென்றது. பிள்ளை அப்போது ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பத்து வயது.

சும்மா என்பது எவ்வளவு நல்ல சொல்! சும்மா இருத்தலைப் பெரிய பேறாகப் பாடிய ஞானிகள் வாழ்ந்த மொழி நம்முடையது. இன்றைக்கு "என்ன செய்றீங்க?" என்று யாராவது கேட்டு, "சும்மாதான் இருக்கிறேன்" என்று சொல்ல நேர்ந்தால் குரல் இறங்கிவிடுகிறது. காலை நாலரைக்கு எழும்பி இடியப்பம் அவித்து, பிள்ளைகளை அனுப்பி, மாமியாருக்கு மருந்து கொடுத்து, இரவு பாத்திரம் கழுவிய பிறகு படுக்கும் பெண்ணும் "வீட்டில சும்மாதான்" என்கிறார். கூலி இல்லாத உழைப்பு உழைப்பாகவே தெரியாது. ஹான் இந்தப் பக்கத்தை அதிகம் பார்க்கவில்லை என்பது என் மனக்குறை. அலுவலகத்தில் தன்னைத் தானே விரட்டிக்கொண்டு வரும் பெண்ணுக்கு வீட்டில் இன்னொரு பெரட்டுக் களம் காத்திருக்கிறது.

ஓய்வும் இந்தக் கணக்கிலிருந்து தப்பவில்லை. நன்றாகத் தூங்கினால் நாளைக்கு நன்றாக வேலை செய்யலாம், யோகா செய்தால் கவனம் கூடும், விடுமுறை போனால் புத்துணர்ச்சியோடு திரும்பலாம். போனைச் சார்ஜில் போடுவதுபோல மனிதரையும் போடுகிறோம். போயா தினத்தில் காலிமுகத்திடலில் மகனோடு நின்று பட்டம் விட்டுக்கொண்டே நான் வட்ஸ்அப்பில் ஒரு இன்வொய்ஸ் திருத்தியிருக்கிறேன். நூல் என் கையில் இருந்தது, பட்டம் அறுந்து கடல் பக்கம் போனதை மகன் சொல்லித்தான் பார்த்தேன்.

எரிந்து போதல்

தன்னைத் தானே தொடர்ந்து விரட்டுகிறவர் போய் நிற்கும் இடத்துக்கு ஆங்கிலத்தில் 'பர்ன் அவுட்' என்கிறார்கள், எரிந்து தீர்ந்துபோதல். உளவியலாளர் ஹேர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் 1974இல் இதைப் பற்றி எழுதினார். நியூயோர்க்கில் ஓர் இலவச மருத்துவ நிலையத்தில் அவரும் சேர்ந்து வேலை செய்தார். அங்கே முதலில் எரிந்து போனவர்கள் ஆர்வம் இல்லாதவர்கள் அல்லர். அளவுக்கு மேல் அக்கறைப்பட்டவர்கள், இல்லை என்று சொல்லத் தெரியாதவர்கள். அவருக்கும் அது வந்தது. சோம்பேறிக்கு வரும் நோய் என்று இதை நினைப்பவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டில் இதற்கு விளக்கம் கொடுத்தபோது நோய் என்று சொல்லவில்லை, வேலையோடு தொடர்புடைய ஒரு நிலை என்றது. அதற்கு மூன்று அடையாளங்கள். சக்தி முழுவதும் வற்றிப்போதல், வேலைமேல் ஒரு விலகலோ வெறுப்போ வருதல், செய்யும் வேலையில் திறன் குறைதல். நான் பஸ் ஹோல்டில் உணர்ந்தது முதலாவதை. இரண்டாவது அதற்கு ஆறு மாதம் முன்பே வந்திருந்தது, நான்தான் அதற்குக் கோபம் என்று பெயர் வைத்திருந்தேன்.

இது மனதோடு நிற்பதும் இல்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழில் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்ட ஆய்வின்படி, 2016ஆம் ஆண்டில் மட்டும் நீண்ட நேர வேலையோடு தொடர்புள்ள பக்கவாதத்தாலும் இதய நோயாலும் சுமார் 745,000 பேர் இறந்திருக்கிறார்கள். வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவரைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் கூடுதல். நம் நாட்டில் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணி நேரம் என்று எல்லை போட்டிருக்கிறது. அந்தச் சட்டம் எழுதப்பட்டபோது வேலை என்பது கடைக் கதவோடு மூடிக்கொள்ளும் ஒன்று. படுக்கையில் படுத்துக்கொண்டு போனில் முடிக்கும் வேலையை எந்த இன்ஸ்பெக்டர் வந்து பிடிப்பார்?

யாரை எதிர்த்து?

1893 செப்டம்பரில் கொழும்பு அச்சகம் ஒன்றின் தொழிலாளர்கள் சம்பளம் பிந்தியதால் வேலையை நிறுத்தினார்கள். இலங்கையின் முதல் வேலைநிறுத்தம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அது தோற்றது, ஆனால் அதிலிருந்து ஒரு தொழிற்சங்கம் பிறந்தது. 1923இல் ஏ.ஈ. குணசிங்க தலைமையில் இந்த நகரம் ஒரு பொது வேலைநிறுத்தத்தையே பார்த்தது. அந்த மனிதர்களுக்கு ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்திருந்தது. யாருக்கு எதிராக நிற்கிறோம் என்பது.

தன்னைத் தானே விரட்டுகிறவர் யாருக்கு எதிராகக் கொடி பிடிப்பார்? ஹான் சொல்வதில் என்னை மிகவும் தைத்த இடம் இதுதான். வெளியே போக வழியில்லாத கோபம் உள்ளே திரும்புகிறது. பழைய தொழிலாளி 'எனக்கு அநியாயம் நடக்கிறது' என்று சொன்னார். இன்றைய ஊழியர் 'எனக்குத் திறமை போதாது' என்கிறார். அதே களைப்புத்தான், ஆனால் இப்போது அது தோல்வியாகிவிடுகிறது, வெட்கமாகிவிடுகிறது, மனச்சோர்வாகிவிடுகிறது. நாலு பேர் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருந்து நாலு தனித் தோல்விகளாகக் களைக்கிறோம்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் ஹானோடு ஒத்துப்போக மாட்டேன். சுரண்டுகிறவரும் சுரண்டப்படுகிறவரும் ஒருவரேதான் என்று முற்றாகச் சொன்னால், பலன் எங்கே போகிறது என்பது மறைந்துவிடும். சவுக்கு உள்ளே வந்துவிட்டது, சரி. லாபம் இன்னமும் வெளியேதான் போகிறது. இரவு ஒன்றரை மணிக்கு நான் முடித்த கணக்கால் பயன் அடைந்தது நான் அல்ல.

அதோடு எல்லாரையும் இந்த ஒரே சட்டைக்குள் திணிக்கவும் முடியாது. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் தொடங்கியது. அங்கே தையல் மெஷினில் உட்காரும் பிள்ளைக்கு மணிக்கு இத்தனை உருப்படி என்று டார்கெட் இருக்கிறது, பார்க்க சூப்பவைசர் இருக்கிறார். அது ஹான் பழையது என்று சொன்ன உலகம், ஆனால் கொழும்பிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இன்றைக்கும் இருக்கிறது. மலையில் கொழுந்து நிறுவை இன்றும் நடக்கிறது. இரண்டும் கலந்த ஆட்களும் இருக்கிறார்கள். போனில் வரும் ஓட்டத்துக்கு ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர் பம்பலப்பிட்டி சிக்னலில் என்னிடம் சொன்னார், "எனக்கு முதலாளி இல்லை தங்கச்சி, நினைச்ச நேரம் ஓடலாம். ஆனா இன்னும் நாலு ஓட்டம் ஓடினா போனஸ் எண்டு போன் காட்டுது. எப்பிடி நிப்பாட்டுறது?" அவருக்கு மேலே கண்காணிப்பும் இருக்கிறது, நட்சத்திரக் கணக்கும் இருக்கிறது, உள்ளேயிருந்து விரட்டும் குரலும் இருக்கிறது.

முக்கியமான இன்னொன்று, தேவை. 2022 செப்டம்பரில் கொழும்பின் விலைவாசி ஒரு வருடத்துக்கு முன்பிருந்ததைவிடக் கிட்டத்தட்ட 70 சதவீதம் கூடியிருந்தது. சம்பளம் அப்படியே இருந்தது. அந்த வருடம்தான் நான் இரவு வேலை எடுத்தேன், வெளிநாட்டு வாடிக்கையாளர் சிலருக்கு வீட்டிலிருந்து கணக்கு எழுதும் வேலை. அதைத் தற்சுரண்டல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பால்மாவுக்கும் வாடகைக்கும் ஓடுகிறவரிடம் போய், நீ உன்னைத் தானே வருத்திக்கொள்கிறாய், கொஞ்சம் ஓய்வெடு என்று சொல்வது கொடுமை.

ஆனால் 2023 முடியும்போது கடன் அடைந்துவிட்டது. இரவு வேலையை நான் விடவில்லை. விட்டால் ஏதோ பின்னால் விழுந்துவிடுவேன் என்று ஒரு பயம். யாருக்குப் பின்னால் என்று கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன். அடுப்பு எரியாதே என்ற பயம் எப்போது 'நான் ஒன்றுமில்லாமல் போய்விடுவேனே' என்ற பயமாக மாறியது என்று எனக்கே தெரியாது. தற்சுரண்டல் என்ற சொல் இந்த இரண்டாவது பயத்துக்குத்தான் பொருந்தும் என்று நினைக்கிறேன். பலருக்கு இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. மெதுவாகத்தான் பிரித்துப் பார்க்க முடியும்.

நான் பிரித்துப் பார்த்தது தனியாக அல்ல. பஸ் ஹோல்ட் விஷயத்தை அலுவலகத்தில் ஒரு தங்கையிடம் மட்டும் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அக்கா, நான் ரெண்டு வாரமா பாத்ரூம்ல போய் அழுறேன்" என்றாள். மூன்று வருடம் பக்கத்தில் இருந்தவள். அதற்குப் பிறகு ஐந்து பேர் சேர்ந்து மனேஜரிடம் போய், இரவு எட்டுக்குப் பிறகு குழுவில் வேலைச் செய்தி போட வேண்டாம் என்று கேட்டோம். அவர் உடனே சரி என்றார். அவரும் களைத்துத்தான் இருந்தார் போல. அது பெரிய போராட்டம் ஒன்றுமில்லை, சம்பளமும் கூடவில்லை. ஆனால் 'எனக்குத் திறமை போதாது' என்று தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்த ஐந்து பேர் அன்றைக்கு 'எங்களுக்கு வேலை அதிகம்' என்று சொன்னோம். இரவு வேலையையும் அந்த மாதமே விட்டேன். முதல் சில வாரம் ஒன்பது மணியானால் கை தானாக மடிக்கணினியைத் தேடும்.

அப்பாயி இருந்த காலத்தில் ஒருநாள் கேட்டிருக்கிறேன், வேலை முடிந்து லயத்துக்கு வந்த பிறகும் மலை நினைப்பு வருமா என்று. அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "கொழுந்த நிறுத்தாச்சுன்னா கூடைய கழட்டிச் சுவத்துல மாட்டிருவேன்டி. அப்புறம் என்னா மலை?" என்றார்.